ஆன்லைன் கடையின் முகப்புப் பக்கத்தை வாட்ஸ்அப் கேள்விகளிலிருந்து கட்டுவது எப்படி?

கோவில்பட்டிப் பக்கம் ஒரு மரச்செக்குக் கடை. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், கூடவே கருப்பட்டியும் கடலை மிட்டாயும். அண்ணாச்சி செக்கைப் பார்த்துக்கொள்வார். பார்சல், போன், கணக்கு எல்லாம் அவர் தங்கை. நல்ல சரக்கு, பழைய வாடிக்கையாளர்கள் சென்னை, பெங்களூரு வரை உண்டு. பணம் கொடுத்து ஒரு வெப்சைட்டும் போட்டிருந்தார்கள். ஆனால் ஆர்டர் மட்டும் வெப்சைட்டில் விழவில்லை. வந்தவர்கள் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, அதிலிருந்த வாட்ஸ்அப் பொத்தானை அழுத்தி, "நல்லெண்ணெய் லிட்டர் என்ன விலை?" என்று கேட்டார்கள். விலை வெப்சைட்டிலேயே இருந்தது, மூன்று பக்கம் தள்ளி.

அந்த முகப்பைத் திருத்த உட்கார்ந்தபோது நான் செய்ததை, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். புடவைக் கடை, ஊறுகாய்க் கடை, செடி விற்கும் நர்சரி என்று எதற்கும் இதே வழி பொருந்தும்.

படி 1: கேள்விகளை எண்ணுங்கள்

டிசைனை, நிறத்தை எல்லாம் ஓரமாக வையுங்கள். கடையில் போன் எடுப்பவர் யாரோ, அவர் பக்கத்தில் ஒரு மதியம் உட்காருங்கள். வாட்ஸ்அப்பில் கடைசியாக வந்த 100 உரையாடல்களைத் திறந்து, வாடிக்கையாளர் கேட்ட முதல் கேள்வியை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே கேள்வி திரும்ப வந்தால் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள்.

அந்தக் கடையில் வந்தவை இவை: என்ன விலை? லிட்டரா கிலோவா? கொரியர் சார்ஜ் எவ்வளவு? எங்கள் ஊருக்கு வருமா, எத்தனை நாளாகும்? கேஷ் ஆன் டெலிவரி உண்டா? கருப்பட்டியில் சீனி கலப்பீர்களா? நல்லெண்ணெய் கருப்பட்டி போட்டு ஆட்டியதா? வழியில் டின் ஒழுகினால் என்ன செய்வீர்கள்?

"இதுக்கெல்லாம் நான் தினமும் பதில் சொல்லிக்கிட்டுதானே இருக்கேன்?" என்றார் தங்கச்சியம்மா. அதுதான் விஷயம். அவர் வாயில் தினமும் இருக்கும் பதில் ஒன்றுகூட முகப்பில் இல்லை. அங்கே இருந்தது "பாரம்பரியத்தின் சுவை, ஆரோக்கியத்தின் வழி" என்ற வரி. அதை யாரும் கேட்கவில்லை.

கோடுகளை எண்ணி, அதிகம் வாங்கிய கேள்வியை மேலே வைத்து வரிசைப்படுத்துங்கள். உங்கள் முகப்பின் வரைபடம் அதுதான். மேலிருக்கும் கேள்விக்கான பதில் பக்கத்தின் மேலே, கீழிருப்பதற்குக் கீழே.

ஒரு எச்சரிக்கை. உங்களுக்குச் சிறிதாகத் தெரியும் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள். "லிட்டரா கிலோவா" என்பதைக் கடைக்காரர் பொருட்டாக எண்ணவில்லை. ஆனால் ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 முதல் 920 கிராம்தான். ஒரு கடையில் கிலோ விலை, இன்னொன்றில் லிட்டர் விலை என்றிருந்தால் ஒப்பிடுகிறவர் குழம்புவார். குழம்பியவர் வாங்க மாட்டார். விலைக்குப் பக்கத்தில் "1 லிட்டர் (சுமார் 915 கிராம்)" என்று போட்டதும் அந்தக் கேள்வி ஏறக்குறைய நின்றே போனது.

படி 2: முதல் திரை

கைபேசியில் பக்கம் திறந்ததும், விரலால் தள்ளுவதற்கு முன் கண்ணில் படுகிற பகுதியைத்தான் முதல் திரை என்கிறேன். வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. என்ன விற்கிறீர்கள், எங்கிருந்து விற்கிறீர்கள், எங்கே அனுப்புவீர்கள், வாங்க எங்கே அழுத்த வேண்டும் என்ற நான்கும் அதற்குள் தெரிய வேண்டும்.

பழைய முகப்பில் ஐந்து படங்கள் தானாக நகர்ந்துகொண்டிருந்தன. பச்சை வயல், சிரிக்கும் குடும்பம், மண்பானை. எல்லாம் இணையத்தில் வாங்கிய படங்கள், ஒன்றில்கூட அந்தக் கடை இல்லை. நகரும் படங்களைப் பெரும்பாலோர் தொடுவதே இல்லை. அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழக இணையதளத்தில் 2013 வாக்கில் எடுத்த கணக்கு இதற்கு நல்ல சாட்சி. வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் அந்தப் படங்களை அழுத்தினார்கள், அழுத்தியவர்களிலும் பெரும்பகுதி முதல் படத்தோடு சரி. இரண்டாவது, மூன்றாவது படத்தில் நீங்கள் போடும் செய்தி யாருக்கும் போய்ச் சேராது.

ஐந்தையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு படம் வைத்தோம். வாகை மரச்செக்கிலிருந்து எண்ணெய் இறங்கும் இடம், பக்கத்தில் அண்ணாச்சியின் கை. காலை வெளிச்சத்தில் கைபேசியில் எடுத்ததுதான். படத்தின் கீழே இரண்டு வரி:

"கோவில்பட்டியில் எங்கள் செக்கில் ஆட்டிய எண்ணெய், கருப்பட்டி, கடலை மிட்டாய். தமிழ்நாடு முழுவதும், பெங்களூருக்கும் அனுப்புகிறோம்."

அடுத்து "எண்ணெய் விலை பார்க்க" என்று ஒரு பொத்தான். முன்பு அந்த இடத்தில் "மேலும் அறிய" என்று இருந்தது. எதை அறிய என்பது அழுத்தும்வரை தெரியாது. பொத்தானில் எழுதியிருப்பதும், அழுத்தினால் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

திறந்த நொடியில் திரையை மறைத்துக்கொண்டு வரும் பாப்அப்பையும் எடுத்துவிடுங்கள். "போன் நம்பர் கொடுங்கள், 10% தள்ளுபடி" என்பது கடை வாசலில் கையைப் பிடித்து நிறுத்துவதற்குச் சமம். உள்ளே என்ன இருக்கிறது என்றே பார்க்காதவரிடம் நம்பர் கேட்பது முறையாகாது. கைபேசியில் இப்படி உள்ளடக்கத்தை மறைக்கும் பக்கங்களைத் தேடல் முடிவில் பின்னுக்குத் தள்ளலாம் என்பது 2017 ஜனவரியிலிருந்து கூகுளின் நடைமுறையும்கூட.

படி 3: பொருள் வகைகளுக்கு வீட்டில் சொல்லும் பெயர்

முதல் திரைக்கு அடுத்து பொருள் வகைகள். பழைய மெனுவில் "எங்கள் சிறப்புகள்", "இயற்கையின் கொடை", "நலம்" என்று மூன்று இருந்தன. நல்லெண்ணெய் எதில் இருக்கிறது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. கொடைக்குள் இருந்தது.

நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், கருப்பட்டி, கடலை மிட்டாய். இந்த ஐந்தும் ஐந்து கட்டமாக, ஒவ்வொன்றிலும் அந்தப் பொருளின் படத்தோடு முகப்பிலேயே இருக்கட்டும். மூன்று கோடு போட்ட மெனுவுக்குள் மட்டும் ஒளித்து வைக்காதீர்கள். வயதானவர்கள் பலருக்கு அந்தக் கோடுகள் ஒரு பொத்தான் என்பதே தெரியாது.

தேடல் பெட்டி இருந்தால் அதற்குத் தனிக் கவனம் வேண்டும். நம் ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள். கருப்பட்டியை ஒருவர் ஒரு 'டி' போட்டு எழுதுவார், இன்னொருவர் இரண்டு போடுவார், வேறொருவர் பனைவெல்லம் என்று தேடுவார். நல்லெண்ணெயை எள்ளெண்ணெய் என்பார்கள், ஜின்ஜிலி என்பார்கள், செசமே என்பார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் இந்த மாற்றுப் பெயர்களையெல்லாம் தேடலில் சேர்த்து வையுங்கள். தேடியும் எதுவும் கிடைக்காத சொற்களை மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். "இல்லை" என்று பதில் வாங்கித் திரும்பிய ஒவ்வொரு சொல்லும் கடை வாசல்வரை வந்து போன ஒரு ஆள்.

படி 4: பொருள் அட்டை

முகப்பில் ஆறு அல்லது எட்டுப் பொருள் போதும். எல்லாவற்றையும் கொட்டினால் எதுவும் நிற்காது. எவை அதிகம் விற்கின்றன என்பது பார்சல் கட்டுகிறவருக்குத் தெரியும், அவரைக் கேளுங்கள். தங்கச்சியம்மா யோசிக்காமல் சொன்னார்: "நல்லெண்ணெய் ஒரு லிட்டர், கடலை எண்ணெய் அஞ்சு லிட்டர் டின், கருப்பட்டி ஒரு கிலோ. மத்ததெல்லாம் இதுகூட சேத்து வாங்குறதுதான்."

ஒவ்வொரு அட்டையிலும் படம், பெயர், அளவு, விலை, "கூடையில் சேர்" பொத்தான். விலை கட்டாயம். "விலைக்குத் தொடர்பு கொள்ளவும்" என்பது ஆன்லைன் கடையில் இருக்கவே கூடாத வரி. பேக் செய்த பொருளை ஆன்லைனில் விற்கும்போது அதிகபட்ச சில்லறை விலை, நிகர அளவு, தயாரிப்பாளர் பெயர், முகவரி போன்றவற்றைக் காட்ட வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளும் சொல்கின்றன. முழு விவரமும் பொருளின் தனிப்பக்கத்தில் இருக்கலாம். அளவும் விலையும் முகப்பிலேயே தெரியட்டும்.

படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கருப்பட்டியை அழகான டப்பாவில் மூடி வைத்துப் படமெடுத்திருந்தார்கள். அதில் தெரிந்தது டப்பாதான். சிரட்டையில் ஊற்றி வார்த்த கருப்பட்டியை ஒன்று முழுதாக, ஒன்று உடைத்து, உடைந்த பக்கம் வெளிச்சத்தைப் பார்க்கிற மாதிரி வைத்து எடுத்தோம். உடைந்த முகத்தின் நிறத்தையும் மணல்போன்ற குருணையையும் பார்த்துத்தான் கருப்பட்டி தெரிந்தவர்கள் தரத்தை முடிவு செய்வார்கள். கடைக்கு நேரில் வந்தாலும் உடைத்துக் காட்டச் சொல்வார்கள். அந்த உடைத்துக் காட்டும் வேலையை இங்கே படம் செய்ய வேண்டும். எண்ணெய்க்கும் அப்படித்தான், பாட்டிலோடு ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றியும் காட்டுங்கள். அடியில் கொஞ்சம் மண்டி நிற்கும் என்றால் அதையும் எழுதிவிடுங்கள். வந்த பிறகு பார்த்து ஏமாறுவதைவிட வாங்கும் முன் தெரிந்துகொள்வது அவர்களுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

சரக்கு இல்லாதபோது மறைக்க வேண்டாம். பதநீர் இறங்கும் காலம் முடிந்தால் புதுக் கருப்பட்டி வராது. "புதுச் சரக்கு வந்ததும் சொல்கிறோம், நம்பர் கொடுங்கள்" என்று அட்டையிலேயே வையுங்கள். நம்பர் கேட்க வேண்டிய இடம் இதுதான், வாசல் அல்ல.

"இன்னும் 2 மட்டுமே உள்ளது", "17 பேர் இப்போது பார்க்கிறார்கள்" என்று இல்லாததை எழுதுவது வேண்டாம். பொய்யான அவசரம், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, விலையைக் கடைசியில் ஏற்றுவது உட்பட 13 ஏமாற்று வழிகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பெயர் சொல்லித் தடுக்கின்றன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மூன்று தலைமுறையாக வாங்கும் வீடுகளிடம் பொய் சொல்லி ஒரு டின் அதிகம் விற்று என்ன ஆகப்போகிறது?

படி 5: கொரியர் சார்ஜும் நாளும்

இரண்டாவதாக அதிகக் கோடு வாங்கிய கேள்வி இது. 5 லிட்டர் எண்ணெய் மட்டுமே 4.6 கிலோ அளவுக்கு வரும், டின்னும் அட்டைப்பெட்டியும் தனி. கொரியர் எடைக்குத்தான் காசு வாங்கும். ஆகவே சார்ஜ் சிறிய தொகையாக இருக்காது. கடைசிப் பக்கத்தில், பணம் கட்டும் நேரத்தில் அதைக் காட்டினால் வாங்க வந்தவர் அப்படியே மூடிவிட்டுப் போவார்.

முகப்பில் பொருள் அட்டைகளுக்கு மேலே பின்கோடு பெட்டி ஒன்று வையுங்கள். ஆறு இலக்கம் தட்டியதும் "உங்கள் ஊருக்கு வரும், 3 நாளாகும், ஒரு கிலோவுக்கு இவ்வளவு" என்று பதில் வர வேண்டும். இதைச் செய்ய ஆள் இல்லையென்றால் ஒரு சிறு அட்டவணை போதும்: தமிழ்நாடு, பிற மாநிலங்கள், எவ்வளவு வாங்கினால் சார்ஜ் இல்லை. நாளைச் சொல்லும்போது உங்களுக்குச் சாதகமான நாளைச் சொல்லாதீர்கள். மூன்றில் வரலாம் ஐந்தும் ஆகலாம் என்றால் "3 முதல் 5 நாள்" என்று எழுதுங்கள்.

கேஷ் ஆன் டெலிவரி கிடையாது என்றால் அதையும் இங்கேயே சொல்லுங்கள். யுபிஐ, கார்டு, வங்கிக் கணக்கு என்று எவையெல்லாம் உண்டோ ஒரே வரியில். டின் ஒழுகினால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு அந்தக் கடையின் பதில் அருமையானது: பெட்டியைத் திறக்கும்போது படமோ வீடியோவோ எடுத்து அனுப்பினால் மாற்று அனுப்புவார்கள். இத்தனை வருடமாகச் செய்துவந்த நல்ல காரியம், ஒரு இடத்தில்கூட எழுதப்படவில்லை. இப்போது அது முகப்பில் இருக்கிறது.

படி 6: கடை நிஜமானது என்று தெரிய வேண்டும்

முன்பின் தெரியாத வெப்சைட்டில் பணம் கட்டப் பயப்படுவது நியாயம்தான். பக்கத்தின் அடியில் கடையின் சட்டப்பூர்வப் பெயர், முழு முகவரி, போன் எண், எடுக்கும் நேரம் எல்லாம் எழுத்தாக இருக்கட்டும். இது வெறும் ஆலோசனை அல்ல. மின்வணிகத்துக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், 2020 இதைக் கேட்கின்றன. குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரின் பெயரும் தொடர்பும் இருக்க வேண்டும், புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சின்னக் கடையில் அந்த அலுவலர் நீங்களாகவே இருக்கலாம்.

உணவுப் பொருள் என்றால் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) தரும் 14 இலக்க உரிம எண்ணும் வேண்டும். "சர்க்கரை நோய் குணமாகும்" போன்ற வரிகளை எங்கே இருந்தாலும் அழித்துவிடுங்கள். அண்ணாச்சியின் பழைய பக்கத்தில் கருப்பட்டிக்குக் கீழே அப்படி ஒரு வரி இருந்தது, டிசைன் செய்தவர் எங்கிருந்தோ எடுத்துப் போட்டது. கருப்பட்டியும் இனிப்புதான், அதை நம்பி ஒரு நோயாளி அள்ளிச் சாப்பிட்டால் யார் பொறுப்பு? கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லும் உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் சரக்கு அந்த ஊருடையது, அதைப் போட உங்களுக்கு உரிமையும் இருக்கிறது என்றால் தாராளமாகப் போடுங்கள். வேறு ஊர்ச் சரக்குக்கு அந்தப் பெயர் கூடாது.

வாடிக்கையாளர் கருத்துகளில் நாலு பேர் எழுதிய நிஜமான வரி போதும். வாட்ஸ்அப்பில் வந்த பாராட்டை அவர்கள் சம்மதத்தோடு, எழுத்துப் பிழையோடு அப்படியே போடுங்கள். திருத்தினால் உயிர் போய்விடும்.

படி 7: தமிழில் பக்கம் அமைக்கும்போது

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்துக்கு என்று வரைந்த பொத்தானில் "கூடையில் சேர்" இரண்டு வரியாக உடையும். பொத்தானை அகலமாக்குங்கள், எழுத்தைச் சிறிதாக்காதீர்கள். தமிழ் எழுத்துகளுக்கு மேலே சுழியும் கீழே வளைவும் இருப்பதால் வரிகளுக்கிடையில் ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் கி, கு போன்றவை மேல் கீழ் வரியில் மோதும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது.

விலையையும் சலுகையையும் படத்துக்குள் எழுதிப் போடாதீர்கள். படத்துக்குள் இருப்பதைக் கூகுள் சரியாகத் தேடித் தராது, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் படிக்காது, சின்னத் திரையில் கண்ணுக்கும் தெரியாது. வெளிர்ப் பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து அழகாகத் தோன்றலாம், வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 வேறுபாடு என்பது பன்னாட்டு அணுகல்தன்மை வழிகாட்டியின் அளவு. அளந்து சொல்ல இலவசக் கருவிகள் உண்டு.

படி 8: வேகம்

பக்கத்தின் முக்கியப் படம் 2.5 நொடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் எவ்வளவு ஆகிறது, எது தடுக்கிறது என்று சொல்லிவிடும். பெரும்பாலும் குற்றவாளி படம்தான். கைபேசியில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றிவிடுகிறோம். அகலத்தைக் குறைத்து, வெப்பி (WebP) என்ற, கோப்பளவு குறையும் பட வடிவத்துக்கு மாற்றி, 150 கேபிக்குள் கொண்டுவரப் பாருங்கள். கீழே உள்ள படங்களைத் தள்ளும்போது மட்டும் ஏற்றும்படி வைக்கலாம், முதல் திரைப் படத்துக்கு மட்டும் அப்படி வைக்காதீர்கள். படத்தின் நீள அகலத்தை முன்பே குறித்துவிட்டால் படிக்கும்போது பக்கம் குதிக்காது.

படி 9: ஐந்து பேரை உட்கார வைத்துப் பாருங்கள்

உங்கள் கண்ணுக்கு எல்லாம் தெளிவாகத்தான் தெரியும், கட்டியவர் நீங்கள். இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது இன்றும் சிறு கடைகளுக்குப் பெரிய உதவி: ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும். கடையை அறியாத ஐந்து பேர் வேண்டும், அதில் இருவராவது 50 வயதுக்கு மேல் இருக்கட்டும். அவரவர் கைபேசியிலேயே திறக்கச் சொல்லுங்கள். "ரெண்டு லிட்டர் கடலை எண்ணெய் திருச்சிக்கு அனுப்ப எவ்வளவு ஆகும்னு பாருங்க" என்று ஒரு வேலை கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். கஷ்டம் இந்த வாயை மூடுவதில்தான்.

பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் பின்கோடு பெட்டி வரை சரியாக வந்தார். விரல் அங்கேயே நின்றது. கண்ணாடியைச் சரிசெய்தார், மேலே போனார், மறுபடி கீழே வந்தார். எனக்குச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது, சொல்லவில்லை. கடைசியில் அவரே கேட்டார்: "ஏன் தம்பி, இது நம்ம ஊரு நம்பரா, அனுப்புற ஊரு நம்பரா?" பெட்டியில் "பின்கோடு" என்று மட்டும் எழுதியிருந்தோம். அன்றே "பார்சல் போக வேண்டிய ஊரின் பின்கோடு" என்று மாற்றினோம். அடுத்து வந்த யாரும் அங்கே நிற்கவில்லை.

படி 10: மாதம் ஒருமுறை

பண்டிகைக்குப் பண்டிகை முகப்பை இடித்துக் கட்ட வேண்டாம். தீபாவளிக்கு முன் எண்ணெய் டின்களை மேலே ஏற்றுவது, கடைசி பார்சல் நாளை எழுதுவது, முடிந்ததும் அந்த வரியை எடுப்பது, அவ்வளவு போதும். பொங்கல் வந்த பிறகும் தீபாவளிச் சலுகை தொங்கும் கடையைப் பார்த்தால் உள்ளே ஆள் இருக்கிறார்களா என்றே சந்தேகம் வரும்.

நோட்டை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். மாதக் கடைசியில் வாட்ஸ்அப்பைத் திறந்து முதல் கேள்விகளை மறுபடி எண்ணுங்கள். அண்ணாச்சி கடையில் விலைக் கேள்வி குறைந்த பிறகு, அதுவரை கூட்டத்தில் அமுங்கிக் கிடந்த ஒன்று மேலே வந்தது: "எள்ளுப் புண்ணாக்கு கிடைக்குமா? மாட்டுக்கு வேணும்." செக்குக்குப் பின்னால் மூட்டை மூட்டையாக அடுக்கி, உள்ளூரில் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து கட்டங்களுக்கு அடுத்து ஆறாவதாக அது ஏறியது, கிலோ விலையோடு.